முதுகுக்குப் பின்னால் போடும் பந்து

ஜாக்கிக்கு ஏழு மாதமாகப் பந்து வரவில்லை.

வரவே இல்லை என்று சொன்னால் பொய். தப்பித் தவறி மூன்று வந்தன. அந்த மூன்றையும் வலையில் அடித்துத் தொலைத்தான். வாலிபாலில் ஸ்மாஷ் அடிப்பதற்கென்றே வலையோரம் நிற்கிற ஆளுக்கு ஏழு மாதத்தில் மூன்று பந்து என்றால், அது பந்தியில் உட்கார வைத்துவிட்டுப் பரிமாறாமல் எழுப்பி அனுப்புகிற மாதிரிதான்.

ஜாக்கி என்பது பட்டப்பெயர். பஸ் பணிமனையில் பிரேக் பிரிவில் மெக்கானிக். நின்ற இடத்திலிருந்து எழும்பினால் முழங்கை வலைக்கு மேலே தெரியும். பஸ்ஸைத் தூக்குகிற ஜாக்கியின் பெயரை யாரோ வைத்துவிட, அதுவே நிலைத்துவிட்டது. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் சும்மா கிடக்கிறது. வயது முப்பத்தெட்டு.

பஸ் கழுவும் இடத்துக்குப் பின்னால்தான் ஆடுகளம். பழைய டயர் ரிம்மில் சிமென்ட் ஊற்றி, அதில் இரும்புக் குழாயை நட்டு, வலை கட்டியிருந்தார்கள். வேலை முடிந்து சாயங்காலம் ஐந்திலிருந்து ஆறு வரை ஆட்டம். அந்த ஒரு மணி நேரம்தான் ஜாக்கியின் நாளில் மனித வாடை அடிக்கிற நேரம். மற்ற நேரமெல்லாம் பஸ்ஸுக்கு அடியில் படுத்துக்கொண்டு அச்சோடும் சக்கரத்தோடும் குடித்தனம். வீட்டுக்குப் போனால் அதுவும் இல்லை.

முன்பு வீட்டில் ஒருத்தி இருந்தாள். ஒன்பது வருஷம் இருந்தாள். சண்டை கிண்டை என்று எதுவும் கிடையாது, அதுதான் பிரச்சினையே. சண்டை போடவாவது இரண்டு வார்த்தை வேண்டாமா? ஜாக்கி பேச மாட்டான். சாப்பிடுவான், துணி காயப்போடுவான், பாத்திரம்கூடக் கழுவி வைப்பான், ஆனால் வாயைத் திறக்க மாட்டான். ஒருநாள் அவள், “உங்ககிட்ட பேசுறதும் ஒண்ணுதான், செவுத்துகிட்ட பேசுறதும் ஒண்ணுதான். செவுராவது எதிரொலிக்கும்” என்று சொல்லிவிட்டுப் பெட்டியைக் கட்டினாள். அதற்கும் அவன் ஒன்றும் சொல்லவில்லை. பெட்டி கனமாக இருந்ததால் கீழே வரை தூக்கிக்கொண்டு போய் வைத்துவிட்டு வந்தான். மடையன்! வேறென்ன சொல்ல?

விவாகரத்துக் காகிதத்தில் கையெழுத்தாகி ஏழு மாதம் ஆகிறது. பந்து நின்றதும் அன்றிலிருந்துதான்.

காரணம் இதுதான். அணியில் பந்தைத் தூக்கிப் போடுகிற செட்டர் அவளுடைய அண்ணன். பணிமனையின் உதிரிபாக ஸ்டோரில் வேலை, எல்லோருக்கும் ஸ்டோர்காரர். ஜாக்கியை இந்த அணிக்கு இழுத்து வந்ததும் அவர்தான், பிறகு தங்கச்சியைக் கட்டிக் கொடுத்ததும் அவர்தான். வலையோரம் இடது பக்கம் பார்த்து அவர் நிற்பார், ஜாக்கி அவர் முதுகுக்குப் பின்னால் வலது கோடியிலிருந்து ஓடி வருவான். ஓடி வரும்போதே “மச்சான்!” என்று ஒரு சத்தம் போடுவான். வீட்டில் வாய் திறக்காத அந்த ஆள் போடுகிற சத்தத்தில் பஸ் கூரையில் இருக்கிற காக்காய் எல்லாம் எழுந்து பறக்கும். ஸ்டோர்காரர் திரும்பியே பார்க்க மாட்டார். தலைக்கு மேலாகப் பின்னால் தள்ளிவிடுவார். பந்து ஜாக்கியின் கைக்கு முன்னால் வந்து நிற்கும். அடி விழுந்த சத்தம் கேட்டதும், அப்போதும் திரும்பாமல், உள்ளங்கையை மட்டும் முதுகுக்குப் பின்னால் நீட்டுவார். ஜாக்கி ஓங்கி ஒரு தட்டு தட்டுவான். பத்து வருஷ வழக்கம்.

இப்போது அந்தக் கை நீளுவதில்லை. பந்து எல்லாம் இடது பக்கம் நிற்கிற எலக்ட்ரீஷியனுக்கே போகிறது.

ஸ்டோர் ஜன்னலிலும் அதே கதைதான். முன்பெல்லாம் ஜாக்கி போனால், “வா மாப்ள, யார் வண்டிய பிரிச்சுப் போட்டிருக்க?” என்று கேட்பார். இப்போது ஜாக்கி சீட்டை உள்ளே தள்ளுவான், பேரிங் வெளியே வரும். கிரீஸ் டப்பா வெளியே வரும். ஒரு வார்த்தை வராது. இரண்டு பேருக்கும் நடுவில் கம்பி போட்ட ஜன்னல், ஏதோ ஜெயிலில் பார்க்க வந்தவர்கள் மாதிரி. யார் உள்ளே, யார் வெளியே என்பதுதான் தெரியாது.

இதற்கு ஜாக்கி என்ன காரணம் கண்டுபிடித்தான் தெரியுமா? தன் அடி கெட்டுப்போய்விட்டதாம், அதனால்தான் பந்து வரவில்லையாம். வலையில் அடிக்கிறவனுக்கு எந்தச் செட்டர் பந்து போடுவான் என்று தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொண்டான். அவர் என்னை வேண்டாம் என்று தள்ளிவிட்டார் என நினைப்பதைவிட, என் முழங்கை சரியில்லை என நினைப்பது எவ்வளவோ சுலபம். முழங்கையைத் திருத்தலாம் அல்லவா.

அந்தச் சமயத்தில்தான் கேப்டன் ஒரு குண்டைப் போட்டார். கேப்டன் வெல்டர், வாய் ஓயாத மனிதர், வெல்டிங் கண்ணாடியைக் கழற்றினால் பேச்சையும் கூடவே திறந்துவிடுவார். “இன்னும் மூணு வாரத்துல பக்கத்துப் பணிமனையோட மேட்ச். இப்படியே நீ தூண் மாதிரி நின்னேன்னா, வலது பக்கத்துக்கு வேற ஆளப் போட்டுடுவேன். அப்புறம் என்மேல வருத்தப்படாத” என்றார்.

ஜாக்கி தலையை ஆட்டினான். ஆறு பேரில் இடம் போனால் ஐந்து மணிக்கும் வீட்டுக்குத்தான் போக வேண்டும். அந்த வீட்டில் சாயங்காலம் எவ்வளவு நீளம் என்று அவனுக்குத்தான் தெரியும்.

மறுநாளிலிருந்து காலை ஆறு மணிக்கே ஆடுகளத்துக்கு வந்தான். கைபேசியைச் செருப்பில் சாய்த்து வைத்துத் தன்னையே படம் பிடித்தான். போட்டுப் பார்த்தால், அடக்கடவுளே! இத்தனை நாளும் தான் கழுகு மாதிரி எழும்புவதாக நினைத்துக்கொண்டிருந்தான். திரையில் தெரிந்தது, பரணில் இருந்து டப்பா எடுக்கிற ஆள். முழங்கை காதுக்குக் கீழே தொங்கியது. அவசரப்பட்டு ஓடியதில் பந்து முகத்துக்கு முன்னால் இல்லாமல் உச்சந்தலைக்கு மேலே நின்றது. தொங்குகிற கையால் அடித்தால் வலைக்குத்தானே போகும்?

ஒவ்வொன்றாகப் பிடித்துத் திருத்தினான். முதல் இரண்டு எட்டு நிதானம். கடைசி இரண்டு எட்டு வெடுக்கென்று. வலது குதிகாலை ஊன்றி, இடது காலைச் சற்று முன்னால் வைத்து, இரண்டு கைகளையும் பின்னுக்கு வீசி அப்படியே மேலே கொண்டு போனான். முழங்கையைக் காது மட்டத்துக்கு ஏற்றி, வில்லை இழுப்பது போலப் பின்னால் இழுத்தான். கை முழுசாக நீண்டிருக்கும்போது உள்ளங்கையால் பந்தின் மேல்பக்கத்தைப் பிடித்து மணிக்கட்டை மடக்கினான். வலைக்கு அந்தப் பக்கம், கண்ணாடி போன பழைய பஸ் ஒன்று கழித்துப் போட்டுக் கிடந்தது. அதன் மூன்றாவது ஜன்னல்தான் குறி. முதல் நாள் அறுபதுக்கு நாலு உள்ளே போயிற்று. இரண்டாவது வாரம் பாதிக்கு மேல் போயிற்று. ஒவ்வொரு தடவையும் பஸ்ஸுக்குள் ஏறி, சீட்டுக்கு அடியில் தவழ்ந்து, அவனே பந்தை எடுத்து வந்தான். பயணியும் அவனே, கண்டக்டரும் அவனே.

பந்தைத் தூக்கிப் போட்டதும் அவனேதான். இடது கையால் உயரப் போட்டுவிட்டு ஓடிப் போய் அடிப்பான். சொந்தக் கையால் போட்ட பந்து சொன்ன இடத்தில் வந்து நிற்கிறது. அது எங்கே வரும் என்று யாரையும் பார்க்க வேண்டாம், யாரிடமும் கேட்க வேண்டாம். தனி ஆளுக்கு அதைவிடத் தோதான பயிற்சி ஏது? வாலிபாலில் ஒரே ஆள் அடுத்தடுத்து இரண்டு தரம் தொடக்கூடாது என்பதுதான் அவனுக்கு மறந்துவிட்டது.

மூன்றாவது வாரம் சாயங்கால ஆட்டத்தில் இறங்கினான். ஓட்டம் அழகு. எழும்பியது அதைவிட அழகு. கை வில்லாக வளைந்து நின்றது. பந்து மட்டும் இடது பக்கம் போயிற்று. அடுத்ததும் இடது பக்கம். வெறும் காற்றில் பதினோரு தடவை எழும்பி, பதினோரு தடவை இறங்கினான்.

“அடேங்கப்பா, என்னா ஜம்ப்பு! எதுக்கு இந்தக் குதி குதிக்கிற, மாடியில யாராச்சும் தெரியுறாங்களா?” என்றார் வெல்டர். எல்லோரும் சிரித்தார்கள். ஸ்டோர்காரர் சிரிக்கவில்லை, திரும்பவும் இல்லை. அந்த முதுகையே ஜாக்கி பார்த்துக்கொண்டு நின்றான். அழுகை வரும்போல இருந்தது. முப்பத்தெட்டு வயதில், பந்து கிடைக்கவில்லை என்று அழுதால் ஊர் என்ன சொல்லும்? குனிந்து ஷூ லேஸைக் கட்டினான். அது ஏற்கெனவே கட்டித்தான் இருந்தது.

மறுநாள் ஸ்டோர் ஜன்னலுக்குப் போனான். சீட்டைத் தள்ளினான். பிரேக் லைனிங் இரண்டு செட் வெளியே வந்தது. ஜாக்கி அதை எடுக்கவில்லை.

“ஏன் எனக்குப் பந்து போட மாட்டேங்கிறீங்க?”

ஏழு மாதத்தில் அவன் அவரிடம் பேசிய முதல் வாக்கியம். ஸ்டோர்காரர் பேனாவைக் கீழே வைத்தார்.

“போட மாட்டேன்னு எப்ப சொன்னேன்?”

“ஏழு மாசத்துல மூணுதானே வந்துச்சு.”

“கூப்பிட்டாத்தானே போட முடியும்!” சத்தம் கொஞ்சம் உயர்ந்துவிட்டது, தாழ்த்திக்கொண்டார். “எனக்கென்ன முதுகுல கண்ணா இருக்கு? பூனை மாதிரி வந்து பூனை மாதிரி போற. வந்தியா, நின்னுட்டியா, பாதியில விழுந்துட்டியா, ஒண்ணும் தெரியல. நம்பி எப்படிப் பின்னால தள்ளுறது? ஒரு தடவ திரும்பிப் பார்த்தேன். உடனே எதிர்ல ரெண்டு பேரு உன் பக்கம் தடுப்புக்கு வந்துட்டாங்க. ஒவ்வொரு பந்துக்கும் காதக் குடுத்துக்கிட்டுத்தான் நிக்கிறேன்.”

ஜாக்கிக்கு யாரோ பின்மண்டையில் தட்டியது போல இருந்தது. முழங்கை, குதிகால், மணிக்கட்டு என்று மூன்று வாரம் படம் பிடித்துப் பார்த்தவன், வாயைப் பார்க்கவில்லை. சத்தம் இல்லாமல் ஓடி வருகிற ஒரு ஆள் அந்தப் படத்தில் தினமும் இருந்தான். அதில் ஒரு குறையும் அவனுக்குத் தெரியவில்லை. தனியாக அடிக்கும்போது யாரைக் கூப்பிடுவது?

“என்னன்னு கூப்பிடுறது?” என்றான்.

ஸ்டோர்காரர் லைனிங் பெட்டியை நேராக்கினார். நேராக இருந்ததைக் கோணலாக்கி மறுபடியும் நேராக்கினார்.

“அது எனக்கும் தெரியல. உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்னு ரெண்டு மாசமா நெனச்சுக்கிட்டிருக்கேன், வாய் வரல. அவளுக்குக் கல்யாணம் நிச்சயம் ஆயிருக்கு. அடுத்த மாசம்.”

“சரி” என்றான் ஜாக்கி.

“நல்ல மனுஷன். மருந்துக் கடை வச்சிருக்காரு.” கொஞ்சம் தயங்கி, “நல்லாப் பேசுறாரு” என்றார்.

அதை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம். மனிதர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, தங்கச்சி நிம்மதியாக இருப்பாள் என்று சொல்ல வந்தார். ஆனால் வார்த்தை என்னவோ ஜாக்கியின் நெஞ்சில் போய்த் தைத்தது. பின்னால் டயர் பிரிவு ஆள் சீட்டோடு வந்து நின்றார். ஜாக்கி லைனிங்கை எடுத்துக்கொண்டு நகர்ந்தான். அன்று முழுவதும் ஒரே சக்கரத்தை மூன்று தடவை கழற்றி மாட்டினான்.

போட்டி நாள் வந்தது. பக்கத்துப் பணிமனைக்காரர்கள் ஒரு பஸ் நிறைய ஆட்களோடு வந்து இறங்கினார்கள். மூன்று செட் ஆட்டம். முதல் செட் முழுக்க ஜாக்கி வாயைத் திறக்கப் பார்த்தான். “போடுங்க” என்றான் ஒருதரம். அது அவனுக்கே கேட்கவில்லை. இன்னொருதரம் என்ன தோன்றிற்றோ, “ஸ்டோர்!” என்று கத்திவிட்டான்.

“ஸ்டோரெல்லாம் அஞ்சு மணிக்கே மூடியாச்சுப்பா!” என்று எதிர்ப்பக்கத்திலிருந்து ஒருவன் சொல்ல, நடுவர்கூடச் சிரித்துவிட்டார். பந்து இடது பக்கம் போயிற்று. முதல் செட் போனது.

இரண்டாவது செட்டை எலக்ட்ரீஷியன் ஒற்றை ஆளாக அடித்து வாங்கிக் கொடுத்தார். ஜாக்கி தடுப்புக்கு எழும்பினான், கீழே விழுந்த பந்தை எடுத்தான், மற்றபடி தூண்தான். இடைவேளையில் வெல்டர் அவன் தோளில் கை போட்டார்.

“அழுத பிள்ளைக்குத்தான்டா பால். கூப்பிடு. இல்லேன்னா இந்த செட்டுல பாதியில உன்ன உக்கார வச்சிருவேன். சத்தியமா வச்சிருவேன்.”

மூன்றாவது செட், பதினைந்து புள்ளி. ஆட்டம் பதினான்கு பதின்மூன்று என்று எதிரிகள் கைக்குப் போய்விட்டது. எலக்ட்ரீஷியனின் சட்டை நனைந்து ஒட்டிக் கிடந்தது. இன்னொரு தரம் எழும்ப அவர் காலில் தெம்பில்லை. எதிர்ப்பக்கத்தில் வலையோரம் தடுக்கிற மூன்று பேரும் அவருக்கு எதிரேயே போய் நின்றுவிட்டார்கள். ஜாக்கியின் பக்கம் ஆளே இல்லை. அவன் ஒரு ஆளாகவே யார் கணக்கிலும் இல்லை.

சர்வீஸ் வந்தது. வெல்டர் எடுத்துத் தூக்கினார். பந்து ஸ்டோர்காரர் தலைக்கு மேலே ஏறியது. ஜாக்கி ஓட ஆரம்பித்தான். முதல் எட்டு, இரண்டாவது எட்டு. அந்த முதுகு, நீலச் சட்டை, கழுத்தோரம் கொஞ்சம் நரை. அடுத்த மாதத்திலிருந்து மருந்துக் கடைக்காரர் ஸ்டோர்காரர் வீட்டுக்குப் போய், சோபாவில் உட்கார்ந்து, அவரை மச்சான் என்று கூப்பிடுவார். கூப்பிடட்டும். பேசத் தெரிந்த மனிதர், நன்றாகவே கூப்பிடுவார். ஆனால் அந்த மனிதர் இங்கே வந்து இந்த முதுகுக்குப் பின்னால் ஓடி வரப் போவதில்லையே!

“மச்சான்!”

தொண்டை கிழிந்த மாதிரி ஒரு சத்தம். பஸ் கூரையில் இருந்த காக்காய்கள் எழுந்தன.

ஸ்டோர்காரர் திரும்பவில்லை. இடுப்பைச் சற்று வளைத்து, இரண்டு கைகளாலும் பந்தைத் தலைக்குப் பின்னால் தள்ளினார். அதே உயரம், அதே மெதுவான சுழற்சி. ஏழு மாதம் நடுவில் போனது அந்தப் பந்துக்குத் தெரியவில்லை. ஜாக்கி வலது குதிகாலை ஊன்றி எழும்பினான். எதிரில் தடுக்க ஒரு கைகூட இல்லை. முழங்கை காது மட்டத்தில் இருந்தது. ஓங்கி அடித்தான்.

பந்து கோட்டுக்கு வெளியே போய் விழுந்தது. ஒரு சாண் வெளியே.

மூன்று வாரமாகத் தன் கை போட்ட பந்தையே அடித்துப் பழகியவன். இன்னொரு ஆள் போட்ட பந்து கொஞ்சம் தள்ளி வந்தது, அவன் கொஞ்சம் எட்டிப் பிடித்தான், அவ்வளவுதான் வித்தியாசம். நடுவர் விசில் ஊதினார். ஆட்டம் முடிந்துவிட்டது. எதிர்ப்பக்கம் ஒரே கூச்சல். வெல்டர் தலையில் கை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். எலக்ட்ரீஷியன் ஜாக்கியைப் பார்க்காமல் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் போனார். ஜாக்கி வலைக்கு அடியில் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். காட்டுக் கத்தல் கத்திக் கேட்டு வாங்கிய பந்து, அதையும் வெளியே அடித்தாயிற்று. இனி எந்த முகத்தோடு ஐந்து மணிக்கு இங்கே வருவது?

நிமிர்ந்தபோது ஸ்டோர்காரர் இன்னும் அதே இடத்தில், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தார். பந்து எங்கே விழுந்தது என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. விசில் ஊரெல்லாம் கேட்டது. அவருடைய வலது கை முதுகுக்குப் பின்னால் நீண்டிருந்தது. உள்ளங்கை விரிந்திருந்தது.

ஜாக்கி இரண்டு எட்டு நடந்து போனான். தட்டத்தான் கையை ஓங்கினான், ஆனால் தட்ட வரவில்லை. அந்தக் கையின் மேல் தன் கையை வைத்தான். கிரீஸ் ஏறிக் காய்த்துப்போன இரண்டு கைகள். ஸ்டோர்காரர் விரலை மடக்கி இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அப்போதும் திரும்பவில்லை, முகத்தைக் காட்ட அவருக்கும் கஷ்டமாக இருந்திருக்கும்.

“ஒரு சாண் தள்ளிப் போட்டுட்டேன், மாப்ள” என்றார். “நாளைக்குக் கொஞ்சம் கிட்டத்துல போடுறேன்.”

“வேணாம் மச்சான்” என்றான் ஜாக்கி. “நீங்க போட்டபடியே போடுங்க. நான் ஒரு எட்டு தள்ளி வர்றேன்.”